மூன்று முட்டையும் உளுந்து மாவும்

ஞானம்,

ஆஸ்பத்திரிக்குப் போகிறேன். மத்தியானம் எனக்குச் சோறு அனுப்ப வேண்டாம். ஏன் என்று உனக்கே தெரியும்.

நேற்றுக் காத்திவாக்கத்து மீனவர் ஒருவருக்குக் குடலிறக்க ஆபரேஷன் செய்வதாக இருந்தது. குளோரோபாரம் கொடுக்க வயிறு காலியாக இருக்க வேண்டும். "ஒண்ணியும் துன்னலை டாக்டரே, சத்தியமா" என்றாள் அவர் பெண்டாட்டி. அவர் வாயை முகர்ந்தேன்; பழைய சோறும் கருவாடும். இன்றைக்குத் தள்ளி வைத்தேன். பத்து வருஷமாக எல்லாரும் என்னிடம் இப்படித்தான் சத்தியம் செய்கிறார்கள்.

நீயும் "கைக்கு ஒன்றுமில்லை" என்கிறாய். ஆனால் மூன்று நாளாக இடக்கை முந்தானைக்குள்ளேயே இருக்கிறது. கூடையில் மூன்று முட்டை குறைகிறது. வீட்டில் முட்டைக் குழம்பு வைக்கவில்லை. திருகையில் உளுந்து மாவு ஒட்டியிருக்கிறது. இரண்டையும் குழைத்துக் கைக்குக் கட்டுப் போடுவது யார் என்று எனக்குத் தெரியாதா? டாக்டர் பெண்டாட்டி திருவொற்றியூர் நாட்டு வைத்தியரிடம் போனாளா? வேலைக்காரி பூவம்மாவைக் கேட்டால், "எனக்கு இன்னா தெரியும்யா" என்று பாத்திரத்தைத் தேய்க்கிறாள்.

கட்டைப் பிரிக்காதே. ஈரம் படவிடாதே.

நீ கிணற்றடியில் விழுந்த அன்று, பேப்பரிலிருந்து தலை தூக்காமல் "வெறும் சுளுக்கு" என்றவன் நான்தான்.

இன்னொன்று. எலும்பு முறிந்திருக்கிறது என்று அந்த வைத்தியர் சொன்னாரா? இந்தச் சீட்டின் பின்பக்கம் ஆமாம் அல்லது இல்லை என்று மட்டும் எழுதி வை. உன் முகத்தைப் பார்த்துக் கேட்க எனக்குத் தைரியமில்லை.

தேவசகாயம்