இமைப் பசை

அனுஷா,

பதறாமல் படி. சாலைக் கடையில் வாங்கிய ஒட்டு இமைமுடியை, நீ காலேஜுக்குப் போனதும் நானே ஒட்டிப் பார்த்தேன். பசை இடது கண்ணுக்குள் போய்விட்டது. நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவியும் எரிச்சல் நிற்கவில்லை. கீழ்வீட்டு அஜிதா ஆட்டோ கூப்பிட்டிருக்கிறாள். அவளோடு கண் ஆஸ்பத்திரிக்குப் போகிறேன். காலேஜில் உன் போன் அணைத்தே இருக்கும், என் போனிலும் சார்ஜ் இல்லை, வந்ததும் அவள் நம்பருக்குக் கூப்பிடு.

சோறு குக்கரில் இருக்கிறது. மீன்குழம்பைச் சூடாக்கிக்கொள். பொன்முடியிலிருந்து அப்பா கூப்பிட்டால் கடைக்குப் போயிருக்கிறேன் என்று சொல். மேசையில் இருக்கும் பசையை நீ தொடாதே.

நேற்று, "கல்யாண வீட்டுக்குப் போக ஒனக்கு இதெல்லாம் வேண்டாம்மா, கேட்டியா? எல்லாரும் சிரிப்பாவ" என்று சொன்னாயே, அந்தக் கோபத்தில்தான் உன்னிடம் கேட்காமல் ஒட்டினேன். நீ வந்ததும் ஒட்டிவிடச் சொல்லியிருக்கலாம்.

அம்மா

ஆட்டோ வந்துவிட்டது. வலது கண்ணை மூடிக்கொண்டு இந்தச் சீட்டைப் பார்த்தேன். நான் எழுதியது எதுவும் தெரியவில்லை, வெறும் வெள்ளையாக இருக்கிறது. அஜிதாவிடம் இதைச் சொல்லவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது, மோளே. நீ நேரே ஆஸ்பத்திரிக்கு வந்துவிடு.