மாப்பிள்ளையின் சிவந்த முகம்

ஜூன் 3, செவ்வாய்

தக்சாயினியின் கலியாண வீடியோப் படத்தை இன்று முழுவதும் வெட்டி அடுக்கி முடித்தேன். தாலிக்குப் பொன்னுருக்கலில் தொடங்கி ஆரத்தி வரை. பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் நேர்ந்திருக்கிறேன்.

பட்டணத்தில் ஸ்ரூடியோ வைத்திருக்கும் சிமியோன் அண்ணை இதுவரை எனக்குப் பிறந்தநாள், பூப்பு நீராட்டு என்று சின்ன வேலைகள்தான் தந்தவர். கலியாணங்கள் எல்லாம் கொழும்பில் ஒருவரிடம் போகும். இதைச் சரியாகச் செய்து கொடுத்தால் இனி வரும் கலியாணங்கள் எனக்கு என்று சொல்லியிருக்கிறார். யாரிடமும் படிக்காமல் காணொளி பார்த்துப் பார்த்தே பழகிய எனக்கு இது பெரிய கதவு.

படத்துக்குக் காத்திருப்பது பெண் வீட்டுக்காரர் மட்டும் இல்லை. மாப்பிள்ளையின் தகப்பன் சுவிஸில் படுக்கையும் கதிரையுமாக இருக்கிறார், விமானம் ஏறக்கூடாதாம். மகன் தாலி கட்டியதை அவர் இன்னும் பார்க்கவில்லை. 19ஆம் திகதி தக்சாயினி பறக்கும்போது படம் அவளுடைய கைப்பையில் இருக்கவேண்டும்.

ஜூன் 5, வியாழன்

படத்தை ஒரே ஃபைலாக வெளியே எடுக்கப் போட்டேன். முக்கால்வாசி ஓடி, நின்றுவிட்டது. ஏதோ பிழை என்று ஒரு பெட்டி வந்தது. என்ன பிழை என்று அந்தப் பெட்டிக்கே தெரியாது போல.

கரண்ட் ஏறி இறங்கியதாக்கும் என்று திரும்பப் போட்டேன். அதே இடம்.

ஜூன் 6, வெள்ளி

விரதம். வழமையில் வெள்ளியில் வேலை தொடமாட்டேன், இன்று மனம் கேட்கவில்லை. ஹாட் டிஸ்க்கில் இடம் காலியாக்கிப் பார்த்தேன். மென்பொருளை அழித்துத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். அதே இடம், அதே பெட்டி. முருகா, நான் என்னதான் செய்யிறது?

ஜூன் 8, ஞாயிறு

கண்டுபிடித்துவிட்டேன்!

வீட்டுக் கணக்குப் பிழைத்தால் நான் முழுவதையும் திரும்பக் கூட்டுவதில்லை. மாதத்தை இரண்டாகப் பிரித்து, எந்தப் பாதியில் பிழை என்று பார்த்து, அந்தப் பாதியைப் பிறகும் பிரிப்பேன். இன்று மத்தியானம் மரக்கறி வெட்டும்போதுதான் யோசனை வந்தது – படத்துக்கும் அப்படிச் செய்தால் என்ன?

முதல் பாதி ஒழுங்காக வெளியே வந்தது. மற்றதை வெட்டினேன். அதையும் வெட்டினேன். கடைசியில் ஒரேயொரு துண்டு மிஞ்சியது. தாலி கட்டும் துண்டு.

அந்த நேரம் பெண்டுகள் எல்லாம் கமெராவை மறைத்துக்கொண்டு நின்றுவிட்டார்கள். அதனால் தக்சாயினியின் தம்பி போனில் எடுத்ததைத்தான் அந்த இடத்தில் வைத்திருந்தேன். கமெரா ஒவ்வொரு விநாடிக்கும் ஒரே அளவு படம் பிடிக்கும். போன் அப்படி இல்லை, வெளிச்சத்தைப் பார்த்துக் கூட்டும் குறைக்கும். மென்பொருள் அதில் கால் இடறி விழுந்திருக்கிறது. அந்தத் துண்டை மட்டும் தனியாகக் கமெராவின் அளவுக்கு மாற்றி வைத்தேன். எக்ஸ்போட் கடைசிவரை ஓடியது.

இவருக்குச் சொன்னேன். தோட்டத்தில் வெங்காயப் பாத்திகளுக்குத் தண்ணி மாறிவிட்டு வந்த களைப்பிலும் சிரித்தார். "இஞ்சாரும், தாலி கட்டுற இடத்திலை நிண்டதெண்டால் அது பிழையில்லை. மாப்பிள்ளை யோசிச்சிருக்கிறான்."

ஜூன் 10, செவ்வாய்

படம் நேற்று அண்ணையிடம் போனது. இன்று போன் வந்தது.

"தங்கச்சி, வெட்டுக்கொத்தெல்லாம் திறம். ஆனா மாப்பிள்ளைக்கு என்ன செய்தனீங்கள்?"

"ஏன் அண்ணை?"

"முகமெல்லாம் சிவந்து போய்க் கிடக்கு. பச்சை மிளகாயைக் கடிச்சிட்டுத் தாலி கட்டின மாதிரி. ஐயரும் அப்பிடித்தான். பொம்பிளையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. என்ரை மொனிற்றரில் எல்லாரும் நல்ல நிறம். எக்ஸ்போட் பண்ணும்போது நிறம் மாறியிருக்குமோ?

ஜூன் 11, புதன்

எக்ஸ்போட் நிறத்தை மாற்றவில்லை. வெளியே வந்த ஃபைலையும் உள்ளே இருப்பதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன், ஒரே மாதிரி. என் போனில் ஏற்றிப் பார்த்தேன், அதுவும் அதே மாதிரி. வயரை மாற்றினேன். மொனிற்றர் செற்றிங்கை முதலில் இருந்தபடி ஆக்கினேன். ஒவ்வொன்றாக மாற்றி ஒவ்வொன்றாக எழுதி வைத்தேன். ஒரு வித்தியாசமும் இல்லை.

பின்னேரம் அண்ணைக்கு எடுத்து, "உங்கடை ரீவியை ஒருக்காப் பாருங்கோவன்" என்றேன்.

"என்ரை ரீவியிலை மற்றக் கலியாணமெல்லாம் மனிசர் நிறத்திலைதான் இருக்கு, தங்கச்சி." கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் பரவாயில்லை. "ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் பாருங்கோ. சரிவராட்டி நான் கொழும்புக்கு அனுப்புறன். அந்தப் பிள்ளை வெறுங்கையோடை போகேலாது."

இரண்டு சனத்தின் கண்ணுக்கு ஒரே படம் எப்படி வேறு நிறமாகும்? எனக்குத்தான் கண்ணில் கோளாறோ?

ஜூன் 12, வியாழன்

நல்லூரானே, வழி காட்டு. கேட்பதற்கு வேறு ஆள் இல்லை.

ஜூன் 13, வெள்ளி

பட்ட காலிலேயே அடி. இன்று காலை மாதத் துடக்கு வந்துவிட்டது. கொம்பியூட்டர் சாமியறையில்! செம்மண் தூசி வராத அறை அது ஒன்றுதான் என்று, சாமியிடம் உத்தரவு கேட்டு அங்கே வைத்தது. இப்போது வாசலைத் தாண்ட ஏலாது. ஞாயிறு வரைக்கும் அண்ணை தந்த தவணை. நான் உள்ளுக்குப் போகக்கூடிய நாள் அதற்கும் பிறகு.

குசினிக்குள் இருந்து அழுதேன். மாமி, இவருடைய தாய், கண்டுவிட்டா.

"என்ன பிள்ளை, ஆர் செத்தது?"

சொன்னேன். முற்றத்தில் நின்ற இவரைப் பார்த்து மாமி சத்தம் வைத்தா. "டேய் தம்பி! குளிச்சிட்டு வந்து உந்தப் பெட்டியைத் தூக்கி விறாந்தையிலை வை. மண் கையோடை உள்ளை போனியோ, தெரியும்."

பிறகு என் பக்கம் திரும்பி: "ஒண்டு சொல்லிப்போட்டன். நீ இப்ப தொட்ட சாமான் இனித் திரும்ப உள்ளை வராது. சாமியறையிலை ஊரார் கலியாணம் ஓடினது இவ்வளவும் காணும்."

ஓம் என்று சொன்னேன்.

ஜூன் 14, சனி

எழுதக் கை ஓடுதில்லை, சந்தோசத்தில்.

காலை விறாந்தையில் கொம்பியூட்டரைப் போட்டேன். மாப்பிள்ளை வந்தார் – செக்கச்செவேலென்று! தூக்கி வைத்ததில் வயர் கழன்றுவிட்டதாக்கும் என்று முதலில் இவரைத்தான் திட்டினேன். பிறகு போனை எடுத்துப் பார்த்தேன். புதன்கிழமை நல்லாக இருந்த அதே போன், அதே படம். அதிலும் சிவப்பு.

என்ன மாறியது? நான் மாறவில்லை. போன் மாறவில்லை. இடம்தான் மாறியது.

சாமியறை யன்னலைத் தூசிக்காக எப்போதும் சாத்தித்தான் வைப்பேன். உள்ளே இருக்கும் ஒரே வெளிச்சம் சாமிப் படங்களுக்கு முன்னால் இரவு பகலாய் எரியும் அந்தச் சின்னச் சிவப்பு பல்ப்.

"இஞ்சாருங்கோ, இந்தப் போனைக் கொண்டுபோய் சாமியறைக்குள்ளை கொஞ்சநேரம் நிண்டு பாருங்கோ."

போனார். கதவைச் சாத்தச் சொன்னேன். உள்ளேயிருந்து குரல் வந்தது: "இப்ப நல்லாத்தானே இருக்கிறான்!" வெளியே வந்தார். "ஐயோ, சிவக்கிறான்." திரும்ப உள்ளே. "நல்லாயிட்டான்." திரும்ப வெளியே. அவருக்கு அது விளையாட்டாகிவிட்டது. மாமி வந்து, "உவனுக்கு என்ன பேய் பிடிச்சிட்டுதே?" என்று கேட்கும்வரை நடந்துகொண்டிருந்தார்.

இப்போது விளங்குகிறது. சிவப்பு வெளிச்சத்தில் இருந்து இருந்து கண் அதற்குப் பழகிவிடுகிறது. பழகிய கண்ணுக்குத் திரையில் இருப்பவர்கள் வெளிறித் தெரிவார்கள். பாவம், சோகை பிடித்தவர்கள் மாதிரி இருக்கிறார்களே என்று நான்தான் சிவப்பைக் கூட்டிக் கூட்டி வைத்திருக்கிறேன். அதே அறையில் இருந்தே மொனிற்றரையும் போனையும் ஒப்புப் பார்த்திருக்கிறேன். வேறென்ன தெரியும்?

அண்ணையும் என் திரையை ஒருநாளும் பார்த்ததில்லை. வீட்டுக்கு வந்தாலும், "மத்தியானம் மீன் சாப்பிட்டனான், தங்கச்சி" என்று வாசலிலேயே நின்றுவிடுவார். சேர்ச்சுக்குப் போகும் வேதக்காரர் என்றாலும் நம் சாமியறைக்கு அவ்வளவு மரியாதை.

சாமியின் விளக்கைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. அவருடைய அறை அது. நான்தான் என் வேலையை அங்கே கொண்டுபோய் வைத்தேன்.

ஜூன் 15, ஞாயிறு

நிறத்தை முதலிலிருந்து திருத்தினேன். என் கண்ணை இனி லேசில் நம்பமாட்டேன். எதைப் பிடித்துக்கொண்டு திருத்துவது என்று யோசித்தபோது ஐயரின் நெற்றி தெரிந்தது. திருநீறு. அது எந்த வீட்டிலும் எந்த ஊரிலும் ஒரே நிறம். திருநீறு திருநீறாகத் தெரியும்வரை சிவப்பைக் குறைத்தேன். அத்தோடு மாப்பிள்ளை தன் நிறத்துக்கு வந்தார், கூறைச்சேலை அரக்குக்கு வந்தது, வாழைத்தண்டு பச்சைக்கு வந்தது.

போனில் ஏற்றி விறாந்தையில் பார்த்தேன், கிணற்றடியில் பார்த்தேன், பக்கத்து வீட்டு ரீவியிலும் போட்டுப் பார்த்தேன். மாமி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்து பார்த்தா. "பெடியன் கறுப்புத்தான். ஆனா களையான பெடியன்."

பின்னேரம் இவர் மோட்டார்சைக்கிளில் கொண்டுபோய்க் கொடுத்தார்.

ஜூன் 16, திங்கள்

அண்ணையின் போன். முதல் மணியிலேயே எடுத்தேன்.

"தங்கச்சி, இப்ப மனிசர்." அவ்வளவுதான். பிறகு, "என்ன நடந்தது?" என்று கேட்டார். பல்ப் கதையைச் சொன்னேன். கனநேரம் சிரித்தார்.

ஜூன் 19, வியாழன்

தக்சாயினி இன்று போகிறாள். வழியில் வீட்டு வாசலில் வானை நிறுத்தி இறங்கி வந்து என் கையைப் பிடித்தாள். துடக்குக் கழிந்து தலைமுழுகியிருந்தேன், திருநீறு பூசி அனுப்பினேன்.

ஜூன் 25, புதன்

இரண்டு கலியாணத்தின் மெமரி கார்ட்டுகளை ஒரே நாளில் அனுப்பியிருக்கிறார் அண்ணை. ஏலுமோ என்று கேட்கவில்லை. எப்ப தருவியள் என்றுதான் கேட்டார். வெள்ளிக்கிழமை வேலை செய்யமாட்டேன் என்று சொன்னேன். "தெரியும் தானே, அதுதான் படத்தை வாங்கச் சனிக்கு ஆளை வரச் சொல்லியிருக்கிறன்."

ஜூன் 29, ஞாயிறு

தக்சாயினி சுவிஸிலிருந்து கதைத்தாள். நேற்று எல்லாரும் கூடி இருந்து படம் பார்த்தார்களாம். மாமனார், மேளம் கெட்டிமேளமாக மாறியவுடன் கதிரைக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு எழும்ப வெளிக்கிட்டிருக்கிறார். மகன் ஓடிப்போய்த் தாங்கியிருக்கிறான்.

"அக்கா, மாமா அட்சதைக்கு அரிசி கேட்டவர். நான் குசினியிலை கிடந்த சோத்தரிசியைக் கையிலை குடுத்தன். தாலி கட்டேக்கை ரீவிக்கு எறிஞ்சவர். பிறகு எங்கடை ரண்டுபேற்றை தலையிலையும் போட்டவர்."

"பிறகு?"

"பிறகென்ன, மாமி இன்னும் கார்ப்பெற்றிலை அரிசி பொறுக்கிறா. மாமாவுக்குப் பேச்சு விழுகுது."

பின்னால் யாரோ பெண் பிள்ளை சத்தம் போட்டுச் சிரிப்பது கேட்டது.