ஆரஞ்சு ஸ்டிக்கர்

அன்புள்ள காலெப் அண்ணா,

இந்தக் கடிதத்தை யாருக்கும் காட்டாதே, படித்ததும் கிழித்துப் போட்டுவிடு. ராணுவ முகாமில் சாப்பாடு போதுகிறதா, இருமல் நின்றதா? இங்கே அம்மாவும் அப்பாவும் சுகம். நாய்க்குக் காதில் புண் வந்து ஆறிவிட்டது. எனக்குத்தான் இரண்டு நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை, வயிற்று வலி என்று சொல்லி வைத்திருக்கிறேன். எல்லாரும் படுத்த பிறகு விளக்கைத் துணியால் மூடி எழுதுகிறேன், கையெழுத்து கோணினால் பொறுத்துக்கொள்.

தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் சோள வயலில் கட்டிய புதுப் பள்ளிக்கூடத்துக்குக் கூரை போட்டாயிற்று. ஊர்ப் பிள்ளைகள் எல்லாருக்கும் அதில் இடமில்லை. எந்தத் தெருப் பிள்ளைகள் புதுப் பள்ளிக்கு, யார் பழைய பள்ளிக்கு என்று கோடு போட பள்ளிக் கமிட்டி இரண்டு வரைபடம் வைத்திருக்கிறது. முதல் படத்தில், தகரப் பெட்டி மாதிரி வரிசையாக நிற்கும் அந்த மலிவு டிரெய்லர் வீடுகளில் இருப்பவர்களும் நம்மோடு புதுப் பள்ளிக்கு வருவார்கள். இரண்டாவதில் கோடு அவர்களை மட்டும் வளைத்து ஒதுக்கிவிடும். அவர்கள் ஜன்னலிலிருந்தே புதுப் பள்ளி தெரிகிறது, ஆனாலும் நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம், மழை ஒழுகும் பழைய பள்ளிக்கு பஸ்ஸில் போக வேண்டும். அம்மாவுக்கு இரண்டாவதுதான் வேண்டும். "அந்தப் பசங்க வந்தா நம்ம வீட்ட எவன் நல்ல விலைக்கு வாங்குவான்?" என்று காரில் போகும்போதெல்லாம் சொல்கிறாள். அப்பா, "எனக்கென்ன, நான் படிச்சு முடிச்சுட்டேன்" என்று ரேடியோவைக் கூட்டி வைக்கிறார்.

செவ்வாய்க்கிழமை கமிட்டி நடத்திய ஊர்க் கூட்டத்தில் இரண்டு படத்தையும் மாட்டி, பிடித்ததில் ஒட்டச் சொல்லி வீட்டுக்கு ஒரு ஸ்டிக்கர் கொடுத்தார்கள். பகுதிக்கு ஒரு நிறம், நமக்குப் பச்சை, டிரெய்லர் வீடுகளுக்கு ஆரஞ்சு. அங்கே அநேகமாக எல்லாருக்கும் இறைச்சி ஆலையில் மாலை ஷிஃப்ட், அதனால் அங்கிருந்து மாரிசெல் மட்டும்தான் வந்திருந்தாள். ஒன்றாம் வகுப்பிலிருந்து என் பக்கத்தில் உட்காருகிறவள், என் நிழல் என்று நீ கேலி செய்வாயே, அவள்தான். விரல் நுனியில் ஸ்டிக்கரோடு வந்து, "எனக்கு இந்தக் கோடெல்லாம் ஒண்ணும் புரியலடி. எதுல ஒட்டுனா நாம ஒண்ணா இருப்போம், சொல்லு" என்றாள். பலகைக்குப் பக்கத்திலேயே நின்று அம்மா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் இரண்டாவது படத்தைக் காட்டினேன். அவள் ஒட்டிவிட்டுக் கட்டைவிரலால் நன்றாக அழுத்தித் தேய்த்தாள், விழுந்துவிடக் கூடாதாம். "நல்லவேள நீ இருந்த, நான் மாத்தி ஒட்டியிருப்பேன்" என்றாள்.

திரும்பும்போது அம்மா என் தோளைத் தட்டி, "பரவால்லயே, நீயும் வெவரமாத்தான் இருக்க" என்றாள். முகம் எரிந்தது. அதைவிடக் கேவலம், அந்தப் பாராட்டு ஒரு நிமிடம் எனக்குப் பிடித்திருந்தது. இப்போது கமிட்டித் தலைவர், "அந்தப் பகுதிக்காரங்களே இதத்தான் கேக்குறாங்க" என்று சொல்லித் திரிகிறார். மொத்தமே ஓர் ஆரஞ்சு ஸ்டிக்கர். நாளை மாலை முடிவு செய்கிறார்கள், யார் வேண்டுமானாலும் மைக்கில் பேசலாம். என் தோழியே இரண்டாவது படத்தைத்தான் விரும்புகிறாள் என்று நான் பேச வேண்டுமாம், அம்மா எழுதியே கொடுத்துவிட்டாள். மாரிசெல்லுக்கு இன்னும் எதுவும் தெரியாது. "நீ பேசுறதப் பாக்க எங்கம்மா லீவு போட்டிருக்கு, நல்ல சட்டையெல்லாம் எடுத்து வச்சிருக்கு" என்று இன்று சொன்னாள். அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் கழிவறைக்குள் போய் நின்றுகொண்டேன்.

உண்மையைச் சொன்னால் அம்மா ஊருக்கு முன்னால் கூனிக் குறுகிப் போவாள், பிறகு என்னோடு பேசவே மாட்டாள். பயமாக இருக்கிறது அண்ணா. இது உன் கைக்கு வரும்போது எல்லாம் முடிந்திருக்கும், அதனால் யோசனை கேட்கவில்லை. ஒருவருக்காவது தெரிந்துவிட்டால் நான் பின்வாங்க முடியாது, அதற்குத்தான் எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை அம்மா உனக்குக் கடிதம் போடுவாள். டெஸ்ஸா அருமையாகப் பேசினாள் என்று அதில் இருந்தால், எனக்காக வெட்கப்படு. என் பெயரே இல்லையென்றால், நான் சொல்லிவிட்டேன் என்று தெரிந்துகொள். ஈரக் காலுறையோடு தூங்காதே, நேரத்துக்கு

அம்மா கதவைத் தட்டுகிறாள்