டேரலின் இடது கால்

தார்ன்பெக்,
1993 ஏப்ரல் 20

அன்புள்ள கெத்,

உன் வீட்டுத் தொலைபேசி அடித்துக்கொண்டே இருக்கிறது, யாரும் எடுப்பதில்லை. அதனால்தான் எழுதுகிறேன். எழுதிப் பழக்கமில்லாதவன், பொறுத்துக்கொள்.

மூன்று கால்பந்து கிளப்புகள், பதினோரு வருஷம், நீ மேனேஜர், நான் உனக்குத் துணை. நீ போய்விட்டாய் என்பதை எனக்கு யார் சொன்னது தெரியுமா? மைதான வாசலில் டீ விற்கும் மூரியல். "என்ன நாரிஸ், உங்க ஆளு கம்பிய நீட்டிட்டாராமே?" என்று கேட்டாள். எனக்குத் தெரிந்த மாதிரி சிரித்து வைத்தேன். உள்ளே போனால் உன் கோட் மாட்டியிருந்த ஆணி வெறுமையாக இருந்தது.

சேர்மன் கிளெமிட் கூப்பிட்டு, "சீசன் முடியற வரைக்கும் நீ பாத்துக்கப்பா" என்றார். காரணம் கேட்டேன். "அது எனக்கும் அவனுக்கும் உள்ள விஷயம்" என்று சொல்லி ஜன்னலைப் பார்த்தார். கடைசி நான்கு ஆட்டமும் தோற்று ஏழாம் இடத்தில் தொங்கிக்கொண்டிருக்கிறோம். இன்னும் ஓர் இடம் இறங்கினால் மேல் டிவிஷனுக்கான பிளே-ஆஃப் ஆட்டங்கள் கிடையாது, மேல் டிவிஷனும் கிடையாது.

ஊரில் மூன்று கதை ஓடுகிறது. உன்னைத் துரத்திவிட்டார்கள் என்று ஒன்று. வேறு கிளப் வலைவீசிவிட்டது என்று ஒன்று. மூன்றாவது, ஒரு கட்டுப் பணம் வாங்கிக்கொண்டு போய்விட்டாய் என்பது. அந்த மூன்றாவதைச் சொன்னவனோடு மதுக்கடையில் சண்டைக்கே போய்விட்டேன். வீட்டில் மாவிஸ் இரண்டு நாளாக என்னோடு பேசவில்லை.

நான் சண்டை போட்டது சரிதானே?

உன்,
நாரிஸ்

---

பார்மத்,
ஏப்ரல் 25

அன்புள்ள நாரிஸ்,

வீட்டிலிருந்து இங்கே திருப்பி அனுப்பிய உறையின் மேல் உன் கையெழுத்தைப் பார்த்ததும் பிரிக்க ஒரு நாள் ஆயிற்று. நானும் என் அயர்லிஸும் அவள் அக்கா வீட்டில் கடலோரமாக இருக்கிறோம். இங்கே யாருக்கும் நம் கிளப்பின் பெயர் தெரியாது, அதுவே ஒரு நிம்மதி.

போகும்போது ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டேன். உள்ளே நடந்ததை யாரிடமும் பேசக்கூடாதாம். பேசினால் வழக்கு. உன்னிடம்கூட என்று கேட்காதே, உன்னிடம்கூடத்தான்.

ஒன்று மட்டும் சொல்கிறேன். கிளெமிட் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளாதே. அந்த ஆளுக்கு ஒவ்வொரு வார்த்தைக்கும் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது.

இன்னொன்றும் என் மனதில் உறுத்துகிறது. நான் கடைசியாக அவர் அறைக்குப் போன செவ்வாய்க்கிழமை உன் காரை மைதான முற்றத்தில் பார்த்தேன். அன்று உனக்கு விடுமுறை. இரண்டு நாளில் என் நாற்காலியில் நீ. தப்பாக நினைக்காதே, கேட்டுவைக்கிறேன், அவ்வளவுதான்.

மாவிஸுக்கு எங்கள் அன்பு. சண்டையெல்லாம் போடாதே, உனக்கு வயது ஐம்பத்தாறு.

கெத்

---

தார்ன்பெக்,
மே 18

கெத்,

உன் கடிதத்தைப் படித்து மூன்று வாரம் பதில் எழுதாமல் இருந்தேன். கோபம்தான். அந்தச் செவ்வாய்க்கிழமை நான் வந்தது சம்பளத்தில் வாரத்துக்கு இருபது பவுண்டு கூட்டித்தரச் சொல்லி. கிடைக்கவில்லை. பதினோரு வருஷத்துக்குப் பிறகு இதை உனக்கு விளக்க வேண்டியிருக்கிறது பார்.

இருக்கட்டும். எப்படியோ ஏழாம் இடத்தைக் காப்பாற்றி, அரையிறுதியிலும் ஜெயித்துவிட்டோம். இங்கே நடந்த முதல் ஆட்டம் இரண்டுக்கு ஒன்று, அவர்கள் ஊரில் நடந்த இரண்டாவதில் யாருக்கும் கோல் இல்லை. இரண்டு கோலும் நம் டேரல் ஒசேய் போட்டது. 29ஆம் தேதி லண்டனில், வெம்ப்ளி மைதானத்தில் இறுதி ஆட்டம். ஊர் முழுக்கக் கொடி. ரொட்டிக்கடைக்காரன் என்னிடம் காசு வாங்க மாட்டேன் என்கிறான்.

ஆனால் எனக்குத் தூக்கமில்லை. நேற்று கிளெமிட் கூப்பிட்டார். பிசியோ ஆம்ஃப்ளெட்டும் அங்கே. "நாரிஸ், இறுதி ஆட்டத்துல டேரல இறக்காத. இடது தொடைல தசை கிழிய ஆரம்பிச்சிருக்கு" என்றார். அதைப் பிசியோ அல்லவா சொல்ல வேண்டும்? ஆம்ஃப்ளெட் தரையைப் பார்த்தபடி தலையை மட்டும் ஆட்டினான். அவன் கிளெமிட்டின் மருமகன் என்பதை நீ மறந்திருக்க மாட்டாய்.

நேரே டேரலிடம் போனேன். "ஐயோ பாஸ், சும்மா ஒரு பிடிப்பு. அது இல்லாம எந்த மே மாசம் இருந்திருக்கு? ஓடிக் காட்டவா?" என்று சொல்லிவிட்டு கிழக்குப் பக்கப் படிக்கட்டில் இரண்டு தடவை ஏறி இறங்கினான். இருபத்துமூன்று வயது. சிரித்துக்கொண்டே ஓடினான்.

மாலையில் கணக்கு பார்க்கும் பிரெண்டா கதவைச் சாத்திவிட்டுச் சொன்னாள்: "நாம மேல போனா பழைய முதலாளிக்கு ஆறு லட்சம் பவுண்டு குடுத்தாகணும். கிளப்ப வாங்கறப்பவே கிளெமிட் எழுதிக் குடுத்திருக்காரு. அந்தப் பணம் எங்க இருந்து வரும்னு என்னக் கேக்காதீங்க. என் புஸ்தகத்துல இல்ல."

இப்போது எல்லாம் விளங்குகிற மாதிரி இருக்கிறது. மேலே போகாமல் இருப்பதுதான் அவருக்கு லாபம். உன்னிடமும் இதைத்தான் கேட்டாரா? தோற்கச் சொன்னாரா? நீ மாட்டேன் என்றாயா? அதற்குத்தான் வாயைக் கட்டி அனுப்பினாரா?

காகிதம் கிடக்கட்டும் கெத். ஒரே வார்த்தை போதும்.

நாரிஸ்

---

பார்மத்,
மே 21

அன்புள்ள நாரிஸ்,

ஆம் என்றோ இல்லை என்றோ எழுத எனக்கு உரிமை இல்லை. ஆனால் நீ நினைப்பது தவறு என்று நான் சொல்லமாட்டேன்.

உனக்குக் கண் இருக்கிறது. அந்தப் பையன் படியேறியதை நீயே பார்த்திருக்கிறாய். உன் மனசாட்சிப்படி செய்.

கார் விஷயத்தை எழுதியிருக்கக் கூடாது. மன்னித்துவிடு.

கெத்

---

தார்ன்பெக்,
ஜூன் 2

கெத்,

ஆட்டத்தைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பாய். பார்க்காத பகுதியைச் சொல்கிறேன்.

உன் கடிதத்தைக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டுதான் வெம்ப்ளிக்குப் போனேன். ஆட்டக்காரர்கள் பட்டியலில் டேரல் பெயரை எழுதியபோது ஆம்ஃப்ளெட் என் கையைப் பிடித்தான். "நாரிஸ், வேணாம். கெஞ்சிக் கேக்கறேன்." நான் அவன் கையை உதறிவிட்டு, "உங்க மாமனார்கிட்ட போய்ச் சொல்லு" என்றேன். எல்லார் முன்னாலும்.

இருபத்துமூன்றாவது நிமிஷம். பக்கத்தில் எதிரி யாருமே இல்லை. பந்தைத் துரத்தி ஓடினவன் சுடப்பட்டவன் மாதிரி விழுந்தான். அவன் கத்தியது பெஞ்சு வரை கேட்டது. அவன் எழுந்திருப்பான் என்று நம் ஆட்கள் திரும்பிப் பார்த்துக்கொண்டு நின்றபோதே அவர்கள் கோல் போட்டுவிட்டார்கள். அந்த ஒரு கோலில்தான் தோற்றோம்.

தசை எலும்பிலிருந்தே பிய்ந்துவிட்டது. அறுவைச் சிகிச்சை முடிந்துவிட்டது. நடப்பான் என்கிறார் டாக்டர். ஓடுவானா என்று கேட்டதற்குப் பேனாவை மூடி வைத்தார்.

ஆட்டம் முடிந்து நடைவழியில் கிளெமிட்டைப் பிடித்துக்கொண்டேன். "இப்ப சந்தோஷமா? தோக்கணும்னுதான சொன்னீங்க?" என்றேன். அந்த மனிதர் அழுதுகொண்டிருந்தார் கெத். "என்னய்யா பேசற? மேல போறதுக்காக என் வீட்டயே அடமானம் வெச்சிருக்கேன்" என்றார். உள்பையிலிருந்து வங்கிக் கடிதத்தை எடுத்து நீட்டினார். ஆறு லட்சம், அவர் பெயரில். ஏப்ரல் 5 தேதி போட்டிருந்தது. "பிரெண்டாவுக்குத்தான் சொல்லல. கெத்தினுக்குத் தெரியுமே. அவன்கிட்டதான் மொதல்ல காட்டினேன்" என்றார்.

உனக்குத் தெரியுமா?

நாரிஸ்

---

பார்மத்,
ஜூன் 9

நாரிஸ்,

தெரியும்.

இந்த வார்த்தையை எழுதிவிட்டு வெளியே போய் நடந்துவிட்டு வந்தேன். மீதியையும் எழுதிவிடுகிறேன்.

அவர் என்னைத் தோற்கச் சொல்லவில்லை. யாரும் சொல்லவில்லை. மேலே போனால் எனக்கு நாற்பதாயிரம் தருவதாக ஒப்பந்தம் இருந்தது. நாலு ஆட்டம் தோற்றதும் எனக்குப் பயம் வந்துவிட்டது. இந்த அணி மேலே போகாது, சீசன் முடிந்ததும் வெறுங்கையோடு அனுப்பிவிடுவார்கள் என்று நினைத்தேன். நானே அவரிடம் போனேன். பதினைந்தாயிரம் கொடுங்கள், இப்போதே சத்தமில்லாமல் போய்விடுகிறேன் என்றேன். அவர் போகாதே என்றுதான் சொன்னார். அந்தக் காகிதத்தைக் கேட்டு வாங்கியதும் நான்தான். ஊர் தெரிந்துகொள்ளக் கூடாது என்பதற்காக.

மதுக்கடையில் உன்னிடம் அடிவாங்க இருந்தவன் சொன்னது உண்மை.

நீ அந்தக் கேள்வியைக் கேட்டு எழுதியபோது, எனக்கு ஒரு நல்ல காரணத்தைத் தட்டில் வைத்துக் கொடுத்த மாதிரி இருந்தது. தோற்க மறுத்துப் பதவியை விட்டவன். அந்த ஆளாக இருக்க எனக்கு ஆசையாக இருந்தது. பொய் எழுதவில்லை, மறுக்காமல் இருந்தேன், அவ்வளவுதானே என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். பையன் காலைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை. நீ என்னைப் பற்றி என்ன நினைப்பாய் என்பதை மட்டும்தான் யோசித்தேன்.

நான் விட்டுப்போன அணியை நீ வெம்ப்ளிக்குக் கொண்டுபோனதும் எனக்குப் பொறுக்கவில்லை. அதையும் எழுதிவிடுகிறேன், மிச்சம் வைக்காமல்.

டேரலுக்கு எழுதவா? அங்கே வரவா? நீ சொல்கிறபடி செய்கிறேன்.

கெத்தின்

---

தார்ன்பெக்,
ஜூன் 16

கெத்தின் பிராசர் அவர்களுக்கு,

நேற்று மருத்துவமனைக்குப் போனேன். டேரலின் அம்மா லண்டனிலிருந்து வந்திருக்கிறார்கள். வேர்க்கடலைக் குழம்பும் சோறும் கொண்டுவந்து அவனுக்கு ஊட்டிக்கொண்டிருந்தார்கள். எனக்கும் ஒரு தட்டு போட்டார்கள். வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை.

சாப்பிட்டு முடித்ததும் அந்த அம்மா கேட்டார்கள். "எறக்க வேணாம்னு சேர்மனும் சொன்னாரு, பிசியோவும் சொன்னாரு. அப்புறமும் எம் பிள்ளைய ஏன்யா எறக்கினீங்க? யாராவது ஏதாவது சொன்னாங்களா?"

டேரல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

யாரும் எதுவும் சொல்லவில்லை, நானே எடுத்த முடிவு என்றேன். அது உண்மையும்தான். உன் ஒரு வரியை நம்புவதற்கு முன்னாலேயே ஆம்ஃப்ளெட்டை நம்புவதில்லை என்று நான் முடிவு செய்திருந்தேன். மற்றவர்கள் பொய் சொல்கிறார்கள் என்று நம்ப எனக்கு இரண்டு நிமிஷம்தான் ஆயிற்று. நீ பொய் சொல்வாய் என்று பதினோரு வருஷத்தில் ஒரு தடவைகூடத் தோன்றவில்லை.

ஆம்ஃப்ளெட் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். கிளெமிட்டிடம் ராஜினாமாவைக் கொடுத்துவிட்டேன். அவர் வாங்கிக்கொண்டார். இனி திங்கள், வியாழன் டேரலை உடற்பயிற்சிக்குக் காரில் கூட்டிப்போகப் போகிறேன், எத்தனை மாதம் ஆனாலும் சரி.

அவனுக்கு எழுத வேண்டாம். வரவும் வேண்டாம். உன் பெயரை நான் அந்த அறையில் சொல்லவில்லை. உனக்காக நான் செய்கிற கடைசிக் காரியம் அது.

எனக்கும் எழுதாதே.

நா. கெர்ஷா