பெண்கள் பெயர் இல்லாத வம்சப் புத்தகம்

பாலிகே, ஞாயிறு, ஆராதனை முடிந்து வந்து

அன்பு மகள் லம்ரியாவுக்கு அப்பா எழுதுவது. ஹோராஸ், நலமாக இரு அம்மாடி. இங்கே நான் நலம், பன்றிகள் நலம், கூரையும் மழைக்குத் தாங்குகிறது. எல்லோரும் நலம் என்று எப்போதும் எழுதும் வரியை மட்டும் இந்தத் தடவை எழுத முடியவில்லை. தைவானில் நீயும், நீ பார்த்துக்கொள்ளும் அந்தப் பெரியவரும் எப்படி இருக்கிறீர்கள், குளிர் தொடங்கியிருக்கும், காதை மூடிக்கொள். போனிலேயே சொல்லியிருக்கலாம், உன் குரலைக் கேட்டதும் எனக்கு வாயடைத்துப் போகிறது, அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

உன் தம்பி சாஹத்தை மேடானிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டோம். ஆபரேஷன் என்று போனோமே, வயிற்றைத் திறந்து பார்த்துவிட்டு அப்படியே தைத்துவிட்டார்கள். குடலுக்குள் கேமரா விட்டு எடுத்த படத்தை டாக்டர் காட்டினாள், சுவரெல்லாம் சின்னச் சின்ன சதை மொட்டுகள், மழைக்கு முளைத்த காளான் மாதிரி, ஆயிரத்துக்கு மேல் இருக்கும் என்றாள். அதில் சிலது புற்றாகி ஈரல் வரைக்கும் போய்விட்டது. ரத்தத்தையும் எங்கோ அனுப்பிப் பார்த்தார்கள். பரம்பரையாக வரும் வியாதியாம் இது. உடம்புக்குள் எழுதியிருப்பதில் பிழை எந்த இடத்தில் விழுந்திருக்கிறதோ அதை வைத்து, மொட்டு நூறா ஆயிரமா, நாற்பது வயதிலா பதினைந்திலா என்று ஓரளவு முன்கூட்டியே சொல்லிவிடலாமாம். சில குடும்பங்களுக்குக் கொஞ்சமாக, மெதுவாக வருமாம். நமக்கு வாய்த்தது இருப்பதிலேயே மோசமான இடம். பதினேழு பதினெட்டு வயதில் பெருங்குடலை எடுத்திருந்தால் பிள்ளை பிழைத்திருப்பான் என்றாள். அவனுக்கு இப்போது இருபத்தொன்று.

இனி எழுதப்போவதைப் படித்துவிட்டு நீ என்னைத் திட்டினாலும் சரி. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ரத்தம் போகிறது என்று அவனை இங்கே ஒரு மருத்துவமனைக்குக் கூட்டிப்போனேன். குடும்பத்தில் யாருக்காவது குடல் வியாதி உண்டா என்று அந்தச் சின்ன டாக்டர் கேட்டார். நான் வீட்டுக்கு ஓடிப்போய் நம் வம்சப் புத்தகத்தைக் கொண்டுவந்து மேஜைமேல் விரித்தேன். பதினாறு தலைமுறை, ஒவ்வொரு பெயரையும் விரல் வைத்து வாசித்துக் காட்டினேன், ஒருத்தனும் குடல் வியாதியில் சாகவில்லை என்று மார்தட்டினேன். அவர் அதை நம்பி மூலத்துக்கு மாத்திரை கொடுத்து அனுப்பினார். உன் அம்மா வயிறு வீங்கி முப்பத்தாறில் போனாளே, அது என் நினைவுக்கே வரவில்லை. வரவில்லை என்றால் மறந்துபோய் அல்ல. குடும்பம் என்று கேட்டதும் நான் என் குலத்தை நினைத்தேன், அவள் வேறு குலத்துப் பெண், அவ்வளவுதான். மேடான் டாக்டரிடமும் அதே புத்தகத்தைத்தான் நீட்டினேன். அவளும் நம் ஜனம்தான். பக்கம் பக்கமாகப் புரட்டிவிட்டுக் கேட்டாள், "ஐயா, பதினாறு தலைமுறை இருக்கு, ஒரு பொம்பளை பேரு கூட இல்லியே. இவ்வளவு பேரையும் பெத்தது யாரு?" என்னையும் சோதித்தார்கள், எனக்கு ஒன்றுமில்லை. அது உன் அம்மா வழியாக வந்தது.

போன வாரம் உன் தாய்மாமன் வந்தார், சாஹத்துக்குப் போர்த்த உலோஸ் துணியும் மஞ்சள் மசாலாவில் சமைத்த கெண்டையும் கொண்டுவந்து ஆசீர்வதித்தார். பிள்ளை ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை. உங்கள் வீட்டுப் பெண்கள் யார் யார் எப்படிச் செத்தார்கள் என்று கேட்டேன். எங்க புஸ்தகத்துலயும் அவங்க இல்ல மச்சான் என்று அழுதார். இரண்டு பேரும் உட்கார்ந்து யோசித்து யோசித்து எடுத்தோம். அவர் அம்மா முப்பத்து நாலில், சின்னம்மா முப்பத்தொன்றில், இருவருக்கும் வயிற்றில்தான். யாரோ விஷம் வைத்துவிட்டதாக அப்போது பேசிக்கொண்டார்களாம்.

அம்மாடி, சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் உனக்கும் ரத்தம் போகிறது என்று போன கடிதத்தில் சாதாரணமாக எழுதியிருந்தாய். அதை டாக்டரிடம் வாசித்துக் காட்டினேன். பிள்ளைகளுக்கு வருவது பாதிக்குப் பாதி என்று முதலில் சொன்னாள். ரத்தம் போகிறது என்றதும் உன் வயதைக் கேட்டாள். இருபத்தாறு என்றேன். உடனே, அங்கே டாக்டரிடம் நீ காட்ட ஒரு சீட்டு எழுதினாள், அதை இதோடு வைத்திருக்கிறேன். நாளைக்கே போ. வேலை போனால் போகட்டும். பொய் நம்பிக்கை சொல்ல எனக்கு வரவில்லை, பயமாக இருக்கிறது.

சாஹத் நீ வாங்கித் தருவதாகச் சொன்ன ஷூவைக் கேட்கிறான். நிக்க முடியலைன்னா என்ன, படுத்துக்கிட்டே போட்டுக்குவேன்னு அக்காகிட்ட சொல்லுங்க என்கிறான். முடிந்தால் சீக்கிரம் அனுப்பு.

புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் உங்கள் பெயர்களை நானே எழுதிவிட்டேன். குலத்துப் பெரியவர்கள் கோபிக்கட்டும். டாக்டர் கேட்டபடி ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில், வியாதி வந்த வயது. உன் பாட்டி, சின்னப்பாட்டி, அம்மா, தம்பி. ஐந்தாவது உன் பெயர். அதற்குப் பக்கத்தில் ஒன்றும் எழுதவில்லை. டாக்டர் உன்னைப் பார்த்ததும் என்ன சொன்னாலும் மறைக்காமல் எழுது. அங்கே ஒரு எண்ணை எழுதும்படி மட்டும் என்னை வைத்துவிடாதே. கர்த்தர் உன்னைக் கைவிடாமல் காக்கட்டும். சீட்டைத் தொலைத்துவிடாதே.

ஊரார் உன் பெயரைச் சொல்லியே கூப்பிடும்,
லம்ரியாவின் அப்பா