முன்னறைக் கதவு

அன்புள்ள அண்ணாவுக்கு,

நாங்கள் நலம். அம்மாவுக்கு முழங்கால்வலி பழையபடிதான், வாய்க்கு மட்டும் ஒரு குறையும் இல்லை. போனில் இந்தப் பேச்சை எடுத்தாலே நீ "சரி சரி, அப்புறம் பாக்கலாம்" என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படிப் பாதியில் துண்டிக்க முடியாது என்றுதான் எழுதுகிறேன்.

சுற்றி வளைக்கவில்லை. நம் வீட்டின் முன்னறையை இடிக்க வேண்டும். கடலைத் தடுக்க வாசலில் கொட்டிய கல்லையும் எடுக்க வேண்டும். உன் கல்யாணத்துக்கென்று நீ சம்பாதித்துக் கட்டிய அறை என்பதால், நீ சொல்லாமல் ஒரு செங்கல்லைக்கூடத் தொட விடமாட்டேன் என்கிறாள் அம்மா. கடலைப் பார்த்த முன்வரிசை வீடுகளில் எல்லோரும் சம்மதம் சொல்லிவிட்டார்கள். நம் வீடுதான் பாக்கி.

நீ புறப்பட்டபோது வாசலுக்கும் தண்ணீருக்கும் நடுவில் பையன்கள் பந்து விளையாட இடம் இருந்தது. இப்போது கடல் ஏறும் நேரத்தில் முன்னறைப் படியில் உட்கார்ந்தபடியே கால் கழுவலாம். தெருவில் கேட்டால், கடலுக்குக் கோபம் என்கிறார்கள். அதைக் கேட்டால் எனக்குத்தான் கோபம் வருகிறது. கடலுக்கும் நமக்கும் என்ன பகை? கரையோரமாக மணல் அலையோடு நகர்ந்துகொண்டே இருக்கும். நம்மிடமிருந்து போகிற அளவு பக்கத்துக் கரையிலிருந்து வந்து சேரும். துறைமுகத்துக்காகக் கடலுக்குள் நீட்டிய சுவர் அந்த வழியை அடைத்துவிட்டது. சுவருக்கு அந்தப் பக்கம் மைதானம் போல மணல், அதில் குடையும் நாற்காலியும் போட்டுச் சாப்பாட்டுக் கடைகள். இந்தப் பக்கம் நாம். துறைமுக வாயில் ஒதுங்கும் மிச்ச மணலையும் தூர்வாரும் கப்பல் உறிஞ்சிக்கொண்டுபோய் ஆழத்தில் கொட்டிவிட்டு வந்தது. நம் தெருவை அள்ளிக்கொண்டுபோய்க் கடலில் கொட்டுவதற்கு அவர்கள் வைத்திருந்த பெயர் பராமரிப்பு. வேறொரு துறைமுகத்தில் அதே வேலையைப் பார்க்கிற உனக்கு இதெல்லாம் என்னைவிட நன்றாகத் தெரியும். தெரிந்தும் நீ வாயைத் திறக்கவில்லை என்பதால் எழுதுகிறேன்.

தெருக்காரர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. ஜன்னலைத் திறந்தால் கடல் தெரிய வேண்டும் என்று மணல்மேட்டை வெட்டிச் சமன் செய்தோம். அதைப் பிடித்துவைத்திருந்த அடும்பங்கொடியைக் குப்பை என்று பிடுங்கி எறிந்தோம். கடல் நெருங்கி வந்ததும் அவரவர் வீட்டுக்கு முன்னால் அவரவர் கல். தெருவுக்கே முதல் லாரி வந்தது நம் வீட்டுக்குத்தான். கல் கொட்டிய அன்று சித்தப்பா அதன் மேல் ஏறி நின்று, இனிமேல் கடலே வந்து கதவைத் தட்டி அனுமதி கேட்கும் என்று பேசினார். தெருவே கைதட்டியது. நானும் தட்டினேன்.

பக்கத்து வீட்டுத் தையல் அக்காவுக்குக் கல் போட ஆள் இல்லை. நம் கல்லில் மோதிய அலை திரும்பும்போது அடியிலிருந்த மணலைக் கூட்டிக்கொண்டு போனது. கல் முடிகிற ஓரத்தில் திரும்பி அவள் சுவரைக் குடைந்தது. பகலிலேயே, நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சுவர் விழுந்தது. தையல் மெஷினை நானும் சித்தப்பாவும் தூக்கிக்கொண்டு வந்தோம். துணி வெட்டும் மேசை கடலோடு போய்விட்டது. அவளுக்கு நேரம் சரியில்லை என்றார்கள். நேரம் இல்லை அண்ணா, கல். நம் கல். இப்போது அவள் நம் நடையில் மெஷினைப் போட்டுத் தைக்கிறாள். துணியைத் தரையில் விரித்துக் குனிந்து வெட்டி, இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுகிறாள். ஒரு நாளும் நம்மைக் குறை சொன்னதில்லை. திட்டித் தொலைத்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

இன்னும் பெரிய கல்லாகப் போடு என்று போன தடவை சொன்னாய். போடலாம். நம் வீடு இன்னும் கொஞ்ச காலம் நிற்கும். அதற்குள் அடுத்தபடியாக யார் வீடு போக வேண்டும் என்று நீயே ஆளைக் காட்டு.

இப்போது நல்ல செய்தி. தூர்வாரும் கப்பலின் குழாய் வெடித்து, நான் வெல்டிங் செய்கிற பட்டறைக்கு வந்தது. மணல் எங்கே கொட்டப்படும் என்று சொல்லாமல் பற்றவைக்க மாட்டோம் என்று எல்லோரும் கையுறையைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தோம். முதலாளி கத்தினார், பிறகு கெஞ்சினார், கடைசியில் அவரே எங்களோடு உட்கார்ந்து டீ குடித்தார். துறைமுகத்து இன்ஜினியர் வந்து, மணலைக் குழாய் வழியாக உங்கள் கரைவரை தள்ளவே முடியாது என்றார். நீ எனக்கு அனுப்பிய படத்தை எடுத்து அவர் மூக்குக்கு நேரே நீட்டினேன். ஹோட்டல் கடற்கரை, குழாயிலிருந்து மணல் கொட்டுகிறது, பக்கத்தில் நீ பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறாய். "இது எங்க அண்ணன்தான் சார். குளிக்க வர்றவங்களுக்கு முடியுது, குடியிருக்கிறவங்களுக்கு முடியாதா?" என்றேன். மனுஷன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

ஒப்புக்கொண்டார்கள். துறைமுக வாயில் ஒதுங்கும் மணலை வருஷா வருஷம் நம் கரையில் கொட்டுவார்கள். வீடு போனவர்களுக்கு, தெருவுக்குப் பின்னால் இருக்கும் பழைய கிடங்கு நிலத்தைத் தருவார்கள். அவர்கள் கேட்டது ஒன்றுதான்: கல்லை எடுத்துவிட்டு முன்வரிசை பின்னே நகர வேண்டும். மணல் வந்து படுக்க இடம் வேண்டுமே. அவர்கள் வாயிலிருந்து வந்தது என்பதற்காகவே அதைத் தப்பு என்று சொல்ல எனக்கு ஆசைதான். சொல்ல முடியவில்லை. மணலைக் கொட்டி, மேடாக்கி, கொடியை நட்டுவிட்டால் கரை நிற்கும். ஒரு தடவையோடு முடிகிற காரியம் இல்லை, அதுவும் தெரியும். சொன்ன சொல்லை மறந்தார்கள் என்றால், குழாய் இன்னொரு தடவை வெடிக்காமலா போகும்? நாங்கள் பட்டறையில்தான் இருப்போம்.

அண்ணா, அந்த அறையில் இதுவரை ஒருவரும் படுத்ததில்லை. அம்மா தினமும் பெருக்கி, ஜன்னல் கம்பியில் படிந்த உப்பைத் துடைத்துவிட்டுப் பூட்டுகிறாள். யாருக்காக என்று நான் கேட்பதில்லை. நீயும் இந்த வருஷம் வருகிறேன் என்று சொல்வதை நிறுத்திவிட்டாய்.

நேற்று இத்தோடு முடித்து, தபாலில் போடாமல் வைத்திருந்தேன். அதற்குள் ஒன்று நடந்துவிட்டது. இன்று வேலை முடிந்து வந்து பார்க்கிறேன், முன்னறைக்குக் கதவு இல்லை. நடையில் இரண்டு டிரம்மின் மேல் அந்தக் கதவைப் படுக்கவைத்து, தையல் அக்கா நிமிர்ந்து நின்று துணி வெட்டிக்கொண்டிருக்கிறாள். கதவில் பூட்டு மட்டும் இன்னும் தொங்குகிறது. சித்தப்பாவைக் கூப்பிட்டுக் கழற்றச் சொன்னது அம்மாவேதான். என்னம்மா இது என்றேன். "சும்மா சாத்தித்தானே கெடந்துச்சு" என்று அரிசி களையப் போய்விட்டாள். கொஞ்ச நேரம் கழித்து வந்து, "கதவைப் பத்தி அவனுக்கு எழுதாத. இடிக்கச் சொல்லி அவனே சொன்னதா இருக்கட்டும்" என்றாள்.

எழுதிவிட்டேன். ஆனால் உனக்கு ஒன்றும் தெரியாது. இதைப் படித்த கையோடு அம்மாவைக் கூப்பிட்டு, நீயாகவே சொல்வது போலச் சொல்லிவிடு. அவள் கொஞ்சம் மறுப்பாள். நீயும் கொஞ்சம் வற்புறுத்து. பின்னறையில் உன் கட்டிலுக்கு இடம் அளந்துவைத்திருக்கிறேன். அந்த ஜன்னலில் கடல் தெரியாது. நீ வருகிறபோது மணல்மேடு தெரியும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தங்கை