பலகை விழிக்கும் முன்

இன்று காலை கரண்ட் போய்த் திரும்பியதும், யாரும் பித்தானைத் தொடாமலே எங்கள் வீட்டுத் தானியங்கிக் கேட் ஒருமுறை வெட்டி இழுத்து நின்றது. போன வாரம்தான் பொருத்தினோம். பொருத்தியவனை ஃபோனில் கூப்பிட்டுக் கேட்டேன். "கரண்ட் வந்தா அப்படித்தான் அக்கா. ஒரு செகண்ட்தானே லா," என்றான். ஃபோனை வைத்துவிட்டேன். இத்தனை வருஷம் கழித்தும் அதே பதில். நீ இருந்திருந்தால் அவனை நேரில் வரவழைத்து வறுத்தெடுத்திருப்பாய்.

புக்கிட் தெங்கா தொழிற்சாலையின் பராமரிப்புப் பிரிவில் நாம் இருவரும் இருந்தபோது, மூடிகளை அழுத்தி ஒட்டும் பிரஸ் இயந்திரங்கள் வந்து இறங்கின. ஒவ்வொன்றையும் ஆட்டிவைத்தது கையகலக் கணினிப் பலகை ஒன்று. கரண்ட் வந்ததும், புரோகிராம் ஓடத் தொடங்கும் முன்னாலேயே, அதன் சிப்பில் கம்பி இணைக்கும் உலோகக் கால்கள் எல்லாம் தாமாகவே உயர் மின்நிலைக்குப் போய்விடும். அது சிப்பின் பிறவிக்குணம், அதை நான் குறை சொல்லமாட்டேன். காலின் மின்நிலை உயர்ந்தால் பிரஸ் இறங்கும்படி கம்பி இழுத்து வைத்திருந்தார்களே, அந்த அலட்சியம்தான் இன்றும் எனக்குச் செரிக்கவில்லை.

அங்கே கரண்ட் போனால் இயந்திரம் ஓட்டும் பெண்கள் சும்மா உட்காரக் கூடாது. இயந்திரம் நிற்கும் நேரத்தில் துணியை எடுத்துத் தட்டில் ஒட்டிய பசையைத் துடைக்க வேண்டும். மேனேஜர் போட்ட சட்டம். கை உள்ளே இருக்கும்போதுதான் கரண்ட் திரும்பும். நீ அவரிடம் போய், "கால் உயர்ந்தா பிரஸ் நிக்கிற மாதிரி மாத்திருவோம் சார், பெரிய வேல இல்ல," என்றாய். "கண்ணு சிமிட்டுற நேரம்தானே தங்கச்சி," என்று சிரித்தார் அவர். இயந்திரங்களில் 'அவாஸ்' என்று சிவப்பு எச்சரிக்கைத் தாள் ஒட்டினார்கள். அவ்வளவுதான்.

நிபோங் திபாலிலிருந்து பஸ்ஸில் வந்துபோன லெட்சுமிக்கு, அந்தக் கண் சிமிட்டும் நேரத்தில் வலது கை விரல்கள் போயின.

விசாரணைக் கூட்டத்தில், புரோகிராமில் பிழையா என்று உன்னைக் கேட்டார்கள். நீ உள்ளதைச் சொன்னாய். "புரோகிராம் முழிக்கிறதுக்கு முன்னாடியே பிரஸ் இறங்கிருச்சு சார்."

மேனேஜரின் முகம் மலர்ந்துவிட்டது. "அப்ப புரோகிராம்ல தப்பில்ல. கைய உள்ள விட்டது அந்தப் பொண்ணோட கவனக்குறைவு," என்று முடித்துவிட்டார். துடைக்கச் சொன்ன அதே வாய். நீ கத்திய கத்தலை யாரும் காதில் வாங்கவில்லை. அன்று மத்தியானம் யாரையும் கேட்காமல் எல்லா இயந்திரங்களிலும் கம்பியை மாற்றி இழுத்தாய். அதற்காக உன்னை வேலையை விட்டு அனுப்பினார்கள். நீ மாற்றிய கம்பிகளை மட்டும் அப்படியே வைத்துக்கொண்டார்கள். த்தூ.

நீ இறந்து, உன் உடலை எடுத்த அன்று லெட்சுமி வந்திருந்தாள். இடது கையால் பூப் போட்டாள். பின்னால் நின்ற பெரியவர் ஒருவர், "சோத்தாங்கையால போடுமா, அதானே மரியாத," என்றார். அவள் முந்தானையை விலக்கி வலது கையை அவருக்குக் காட்டினாள். பிறகு அந்த உள்ளங்கையிலேயே பூவை ஏந்தி உன் காலடியில் கொட்டினாள். பெரியவர் தலைகுனிந்துகொண்டார். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை, அவருக்கு என்ன தெரியும்.

பழசையெல்லாம் விட்டுத்தள்ளு என்கிறார்கள் வீட்டில். அந்த மேனேஜரின் மலர்ந்த முகத்தை நினைத்தால் வரும் அருவருப்பு, உன்னோடு சேர்ந்து நான் பட்டது. அதை மட்டும் விட மாட்டேன். லெட்சுமி இன்றும் அந்தக் கையால்தான் சோறு பிசைகிறாள்.